கறுத்த மண்ணை யாரிடம் கேட்டு அள்ளுவது?

மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில் உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சேர், காலநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்தக் காற்றாலையும் மின்சாரக் காரும் வேண்டும், அதற்கு நிறையக் கனிமம் வேண்டும் என்று படிக்கிறோம். ஆனால் எந்த நாட்டைப் பார்த்தாலும் பூர்வகுடிகள்தான் அந்தச் சுரங்கங்களை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் வாகரையிலும் இல்மனைட் வேண்டாம் என்று சனம் வீதிக்கு வந்தது. இவர்கள் பச்சை மின்சாரத்துக்கு எதிரான ஆட்களா? வாகரைப் பிரச்சினையும் அதுவும் ஒன்றுதானா? ஒன்று என்றால் எங்களைப் போன்ற ஆட்கள் என்ன செய்யலாம்?"

தம்பி, நடுக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வாகரை மண்ணைப் பற்றித்தான் கூடுதலாகப் பிழையான கதை உலாவுகிறது.

போன மாசி மாதம் வாகரைப் பக்கத்துக் கதிரவெளிக் கரைக்குப் போனபோது, பழுதான ஹார்ட் டிஸ்க் ஒன்றிலிருந்து கழற்றிய சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். மாரி முடிந்த கையோடு அந்தக் கரையில் கறுத்த மண் பட்டை பட்டையாகக் கிடக்கும். வெள்ளை மணல் பாரம் குறைந்தது, கறுத்த மண் அதைவிட ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு அடர்த்தி. மாரிக் கடல் அடிக்கும்போது வெள்ளையை அள்ளிக்கொண்டு போய்விடும், கறுப்பு கரையிலேயே தங்கிவிடும். காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு மண்ணில் இழுத்தேன். பையில் கறுத்த மயிர் முளைத்ததுபோல ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கரிக்குத்தானா சேர் இவ்வளவு பாடு?" என்றார்.

அந்தக் கரிதான் இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. அதோடு கூட ரூட்டைல், சிர்க்கோன், கார்னட் எல்லாம் கலந்திருக்கும். கொஞ்சமாக மொனசைட்டும் இருக்கும். தேன் நிறமான மொனசைட் கையிலுள்ள காந்தத்துக்கு ஒட்டாது. நியோடைமியம் போன்ற அருமண் உலோகங்கள் அதற்குள்தான் இருக்கின்றன, தோரியமும் சேர்ந்தே இருக்கிறது. நான் கொண்டுபோன காந்தமே நியோடைமியக் காந்தம். அதாவது எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ ஒருவரின் நிலத்தைத் தோண்டி எடுத்த பொருளை வைத்துத்தான் நான் கதிரவெளி மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

சரி, இல்மனைட் எதற்குப் போகிறது? உலகத்தில் தோண்டும் டைட்டானியக் கனிமத்தில் 10-இல் 9 பங்குக்கு மேல் வெள்ளைச் சாயத்துக்குத்தான் போகிறது. சுவருக்கு அடிக்கும் பெயின்ற், பிளாஸ்டிக், காகிதம், பற்பசை எல்லாவற்றிலும் அந்த வெள்ளைதான். மிச்சத்தில் ஒரு பங்கு உலோகமாகி விமானத்துக்கும் வேறு வேலைக்கும் போகிறது. காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் அதில் போவது சொல்லிக்கொள்ளும் அளவு இல்லை. ஆனால் அமெரிக்கா 2022-இல் வெளியிட்ட முக்கிய கனிமப் பட்டியலிலும், இந்தியா 2023-இல் வெளியிட்ட 30 கனிமங்களின் பட்டியலிலும் டைட்டானியம் இருக்கிறது. "முக்கிய கனிமம்" என்ற சொல்லும் "பச்சை ஆற்றல்" என்ற சொல்லும் ஒரே மேடையில் ஒரே மூச்சில் சொல்லப்படும்போது, கேட்கிற ஆளுக்கு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பூமியைக் காப்பாற்றத்தான் வாகரை இல்மனைட் என்று யாராவது சொன்னால், பெயின்ற் வாளியைத்தான் காட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மொனசைட் கதை வேறு. கியர் இல்லாமல் நேரடியாகச் சுழலும் பெரிய கடற்காற்றாலைகளில் ஒரு மெகாவாற்றுக்கு ஏறத்தாழ 600 கிலோ நிரந்தரக் காந்தம் போகும். மின்சாரக் கார் ஒன்றின் மோட்டாருக்கு ஒன்றிரண்டு கிலோ. அந்தத் தேவை பொய்யில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர்ப் பக்கம் 1,144 ஹெக்டேயரில் மணல் எடுக்க இந்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். திட்டம் வைத்தபோது, அங்குள்ள கரையோரச் சனம் எழுந்து நின்றது இந்த மொனசைட் மண்ணை முன்னிட்டுத்தான். ஆக, எங்கள் கரை மண்ணுக்குப் பச்சை ஆற்றலோடு ஓரளவு உறவு உண்டு. விளம்பரத்தில் சொல்கிற அளவு உறவு இல்லை.

இப்போது முதல் கேள்வி. பூர்வகுடிகள் ஏன் எல்லா இடத்திலும் குறுக்கே நிற்கிறார்கள்? அவர்கள் எங்கேயும் போய்க் குறுக்கே நிற்கவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, பச்சை ஆற்றலுக்கு மாறத் தேவையான கனிமங்களுக்கான 5,097 திட்டங்களை உலக வரைபடத்தில் வைத்துப் பார்த்தது. அவற்றில் 54 வீதம் பூர்வகுடிகளின் நிலத்தில் அல்லது அதற்கு அருகில் இருந்தன. இது தற்செயல் இல்லை. சிலர் தொடக்கத்திலிருந்தே உப்புத்தரையிலும் மலையிலும் பனிக்காட்டிலும் இருந்தார்கள், வேறு சிலர் நல்ல வயல் நிலத்திலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் ஒரு காலத்தில் துரத்தப்பட்டு அங்கே போனார்கள். யாருக்கும் வேண்டாத நிலம் என்றுதான் அவர்களை அங்கே விட்டுவைத்தார்கள். லித்தியமும் நிக்கலும் அந்த நிலத்துக்குக் கீழேதான் கிடக்கின்றன என்பது பிறகு தெரிந்தது.

நோர்வேயை எடுங்கள். பணக்கார நாடு, சட்டம் ஒழுங்காக நடக்கிற நாடு, அங்குள்ள பூர்வகுடிகளான சாமி மக்களுக்குத் தனி நாடாளுமன்றமே இருக்கிற நாடு. அங்கே ஃபோசன் தீபகற்பத்தில், அவர்கள் கலைமான் மேய்க்கும் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகளை நிறுவினார்கள். இது சுரங்கம்கூட இல்லை, சுத்தமான பச்சை மின்சாரம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2021 ஒக்டோபர் 11-ஆம் திகதி 11 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்: அனுமதி செல்லாது, சாமி மக்கள் தங்கள் பண்பாட்டை வாழும் உரிமையை அது மீறுகிறது. சரி, காற்றாலைகளைக் கழற்றினார்களா? இல்லை. தீர்ப்பு வந்து 500 நாள் ஆனபோது சாமி இளைஞர்கள் ஓஸ்லோவில் அமைச்சுக்குள் போய்க் குந்திவிட்டார்கள். அப்புறம்தான் அரசு பேச வந்தது. 2023 கடைசியிலும் 2024 மார்ச்சிலும் உடன்படிக்கைகள் வந்தன, நட்டஈடும் மாற்று மேய்ச்சல் நிலமும் பேசினார்கள். காற்றாலைகள் இன்றும் சுழல்கின்றன. வழக்கில் வென்றவர்களின் நிலை இது.

அந்த இளைஞர்கள் காற்றாலை என்பதே கூடாது என்று பேசவில்லை, தங்கள் மேய்ச்சல் நிலத்தில் நிற்பதைத்தான் கழற்றச் சொன்னார்கள். பனி உருகி மேல்பக்கம் ஐஸ்கட்டியாகி மானுக்குத் தீன் எட்டாமல் போகும் துன்பத்தைக் காலநிலை மாற்றத்தால் முதலில் பட்டவர்களில் அவர்களும் அடக்கம். அவர்கள் கேட்டது, எங்கள் சம்மதத்தைக் கேட்டுப் பெறாமல் ஏன் வந்தீர்கள் என்பது.

இந்தக் "கேட்பது" என்ற விசயத்தை ஆர்ஜென்டீனாவின் சலினாஸ் கிராண்டஸ் சனம் வேறு விதமாகக் கையாண்டது. அது மலைமேட்டில் உள்ள வெள்ளை உப்புத்தரை. கோல்லா, அத்தகாமா பூர்வகுடிகளின் ஊர்கள் அங்கே உப்பு வெட்டிப் பிழைக்கின்றன. உப்புக்குக் கீழே உள்ள உவர்நீரில் லித்தியம் இருக்கிறது. அதை இறைத்து வெயிலில் காயவைத்தால் பற்றரிக்கு லித்தியம் கிடைக்கும், சுற்றியுள்ள நல்ல தண்ணீர் என்னாகும் என்பதுதான் ஊரின் பயம். 33 ஊர்கள் சேர்ந்து 2015-இல் தாங்களே ஒரு நடைமுறையை எழுதின. அதற்குக் கச்சி யூப்பி என்று பெயர் வைத்தார்கள், உப்பின் காலடித்தடம் என்று பொருள். உப்புப் பாத்தி வெட்டுவதிலிருந்து உப்பு வாருவதுவரை படிகள் இருக்கிறமாதிரி, எங்களிடம் பேச வருவதற்கும் படிகள் உண்டு. யாரிடம் முதலில் வரவேண்டும், எந்த மொழியில், எத்தனை தரம், நாங்கள் யோசிக்க எவ்வளவு காலம் என்று எழுதிவைத்தார்கள். இது எல்லாவற்றையும் தடுத்துவிடவில்லை. 2023-இல் அந்த மாகாண அரசு அரசியலமைப்பையே மாற்றி, மறியலுக்குத் தடை போட்டபோது அவர்கள் தலைநகருக்கு நடந்துபோனார்கள். ஆனாலும் "எங்களைக் கேளுங்கள்" என்று கத்துவதற்கும் "இப்படிக் கேளுங்கள்" என்று தாளில் எழுதிக் கொடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையிலும் 2013-இல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடமே விட்டபோது, 12 சபையும் பொக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, கேட்பதற்கு அங்கே பதிவில் சபைகள் இருந்ததால்தான்.

இங்கேதான் எங்கள் பக்கம் இடறுகிறது.

வாகரையில் நிற்கிற எல்லாரும் பூர்வகுடி இல்லை. மீன்பிடிக்கும் தமிழ்ச் சனம், தோட்டம் செய்கிறவர்கள், இறால் பண்ணையால் ஏற்கெனவே நொந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். திருக்கோவிலில் இல்மனைட்டுக்கு எதிராக எழுந்ததும் பூர்வகுடிப் போராட்டம் இல்லை. அது கடலைப் பார்த்திருக்கும் சித்திரவேலாயுதர் கோயிலையும் கரையையும் நம்பியிருக்கும் ஊர். மன்னாரில் 2025 ஆகஸ்டில் காற்றாலைப் பாகம் ஏற்றிவந்த வாகனங்களை மறித்தவர்களும் அப்படித்தான். அங்கே காற்றாலையும் இல்மனைட்டும் ஒரே தீவில் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஆனால் வாகரையில் கூடுதலாக ஒரு விசயம் உண்டு. குஞ்சாங்குளம், பால்சேனை, கதிரவெளி என்று அந்தப் பட்டை முழுக்க, இலங்கையின் பூர்வகுடிகளான வேடரில் ஒரு பிரிவான கரையோர வேடர் இருக்கிறார்கள்.

"வேடரா? அவர்கள் தம்பானையில் அல்லவா?" என்று மட்டக்களப்பு நகரத்து ஆட்களே கேட்பார்கள். எங்கள் மனதில் வேடர் என்றால் தோளில் கோடரி, இடுப்பில் துண்டு. கரையோர வேடர் தமிழ் பேசுகிறார்கள், களப்பில் வலை போடுகிறார்கள், பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். குமாரதெய்வத்துக்குச் சடங்கு செய்யும்போதுதான் வெளியாளுக்குக் கொஞ்சம் புரியும். 1911-இல் வெளியான ஆங்கில ஆய்விலேயே கரையோர வேடரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டின் இன அட்டவணையில் வேடர் என்று தனி நிரல் இல்லை. தமிழர் என்ற நிரலுக்குள் அவர்கள் கரைந்துபோகிறார்கள், தமிழ் அரசியலும் அதை ஒரு குறையாகப் பார்த்ததில்லை. இதை எழுதும்போது எனக்கும் கூச்சம்தான். ஏனென்றால் நானும் வகுப்பில் பல வருடம் வேடர் என்றால் மகியங்கனைப் பக்கம் என்றுதான் சொல்லிக் கொடுத்தேன்.

2007 செப்டம்பர் 13-இல் ஐ.நா. பூர்வகுடி உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. வற்புறுத்தாமல், வேலை தொடங்குமுன், எல்லா விபரமும் சொல்லிச் சம்மதம் பெறவேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் சட்டமாகக் கட்டுப்படுத்தும் சர்வதேசத் தொழில் அமைப்பின் 169-ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை ஏற்கவில்லை. உள்நாட்டில் 1992-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுரங்கச் சட்டப்படி கனிமம் அரசுக்குச் சொந்தம். தனியார் காணியில் தோண்டுவதென்றால் காணிக்காரரின் சம்மதம் வேண்டும். அரச காணியென்றால் சம்மதம் கொடுப்பது கந்தோர். வேடர் தேன் எடுத்த காடும் சேனை வெட்டிய நிலமும் தோணி இழுத்த கரையும் யாருடைய காணி? அரச காணி. மற்றவர்களிடம் இருந்த காணி உத்தரவுப் பத்திரங்களும் 2004 சுனாமியில் ஒரு தரம், 2006-2007 இடப்பெயர்வில் இன்னொரு தரம் போயின. ஆக, சம்மதம் கேட்கவேண்டிய ஆள் சட்டத்தின் கண்ணில் அங்கே இல்லவே இல்லை. நோர்வேயில் சம்மதம் கிடைக்காமலே போனார்கள். இங்கே கேட்பதற்கு ஆளே பதிவில் இல்லை. என்னைக் கேட்டால் வாகரைப் பிரச்சினையின் முடிச்சு இதுதான், கனிமம் பச்சையா கறுப்பா என்பது அதற்கடுத்தது.

அம்பாறையின் மகா ஓயாப் பக்கம் பொல்லெபெத்தவில் மகாவலி அதிகாரசபை சோளச் செய்கைக்குக் காட்டை வெட்டியபோது, வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ 2020-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். பரம்பரை நிலத்தை எங்களைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்பதே வாதம். அவருக்கு ஒரு பெயரும் முகமும் நாடு அறிந்த பதவியும் இருந்தது. குஞ்சாங்குளத்தில் இருந்து ஒருவர் போனால் முதல் கேள்வி "நீங்கள் வேடர் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்பதாகத்தான் இருக்கும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பாதிதான். வாகரைப் பக்கத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், காணி உரிமை, பிரகடனம் என்று எதுவும் பேசமாட்டார்கள். "பூவல் உப்பாகிப் போனால் மறுகா எங்க போறது?" என்பார்கள். கடற்கரை மணலில் கையாலோ சிரட்டையாலோ ஓர் இரண்டு மூன்று அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், அந்தக் குழிதான் பூவல். பத்தடி தள்ளிக் கடல், இங்கே குடிதண்ணீர். எப்படி? மழைத்தண்ணீர் மணல்மேட்டுக்குள் இறங்கி, பாரமான உப்புத்தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்புத்தண்ணீரை அது அமுக்கி வைத்திருக்கும். கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி போய்விடும். அந்த ஓர் அடியைத் தாங்கி வைத்திருப்பது மணல்மேட்டின் உயரமும் அகலமும்.

"நாங்கள் கறுத்த மண்ணை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு மிச்ச மணலைத் திரும்பப் போட்டுவிடுவோம்" என்று சொல்வார்கள். போடுவார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மணலைச் சுருள் தொட்டிகளில் தண்ணீர் விட்டுக் கழுவித்தான் பாரமான மண்ணைப் பிரிப்பது, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். அப்புறம், பெக்கோ இயந்திரம் திரும்பக் கொட்டிய மணல் குவியல்தான், மேடு இல்லை. மேட்டை மேடாக வைத்திருப்பது இராவணன் மீசையும் அடம்பன் கொடியும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று மேடையில் ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்லிச் சொல்லி, அது கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடிக்கிற உண்மையான கொடி என்பதையே மறந்துவிட்டோம். கச்சான் காற்று இரண்டு மாதம் அடித்தால், கொடி இல்லாத மணல் இருந்த இடத்தில் இருக்காது. சுனாமியில் யால கரையில் கடல் தெரியவேண்டும் என்று மணல்மேட்டை வெட்டியிருந்த ஒரு விடுதி துடைத்தெறியப்பட்டது. வாகரைச் சனத்துக்கு இந்தப் பாடத்தை யாரும் புத்தகத்தில் இருந்து நடத்தவேண்டிய அவசியம் இல்லை.

இல்மனைட் எடுக்கவே கூடாது என்பது என் வாதம் இல்லை. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் 1957-இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கியதிலிருந்து பல குடும்பங்கள் அதில்தான் சாப்பிட்டன. வாகரையிலும் வேலை கிடைக்கும் என்று விரும்புகிற இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் துரோகி என்று சொல்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது.

கடைசியாக, என்ன செய்யலாம். முதலில் அறிவித்தல் பலகையில் இருக்கிற உரிமம் எது என்று பாருங்கள். ஆய்வு உரிமம் வேறு, அகழ்வு உரிமம் வேறு. குழாய் இறக்கி மண் மாதிரி எடுத்தாலே சனம் பதறுகிறது. அந்தக் கட்டத்தில்தான் அமைதியாகத் தகவல் சேர்க்கவேண்டும். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டப்படி எழுதிக் கொடுத்தால் 14 வேலை நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று முடிவு சொல்லியாக வேண்டும். சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 வேலை நாள் உண்டு. தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் அறிவித்தல் வரவேண்டும். எப்பாவல பொஸ்பேற் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம், வளங்களுக்கு அரசு காவலாளியே தவிர உடைமையாளர் இல்லை என்ற கருத்தில் நின்று, முறையான மதிப்பீடு இல்லாமல் சுரங்க ஒப்பந்தம் போகக்கூடாது என்று நிறுத்தியது. வழக்குப் போட்டவர்கள் அந்த ஊர்க் காணிக்காரரும் கமக்காரரும்தான். (பொஸ்பேற்றும் இப்போது ஒருவகை லித்தியம் பற்றரிக்குத் தேவைப்படுகிறது. அந்தக் கோப்பை மறுபடி யாராவது தூசு தட்டும்போது அதற்கும் பச்சை உறை போட்டிருக்கலாம்.)

ஆனால் நீதிமன்றமாக இருந்தாலும் மதிப்பீட்டுக் கூட்டமாக இருந்தாலும் "முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்கும்போது ஊரிடம் தாளில் ஒன்றும் இருக்காது. உங்களைப் போன்ற பிள்ளைகள் செய்யக்கூடியது அதுதான். ஒரு கொப்பி எடுங்கள். ஊரில் எத்தனை கிணறு, எத்தனை பூவல், யார் யார் அள்ளுகிறார்கள், எந்தக் கரையில் எந்த வாடி, வேடர் குடும்பங்கள் எந்த மரத்தடியில் சடங்கு வைக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்கிற பெயரிலேயே எழுதுங்கள். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதையும் அவர்களே சொல்லட்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் தண்ணீரின் உப்பைக் காட்டும் கடத்துதிறன் மானி இருந்தால் மாதம் ஒரு தரம் ஒவ்வொரு கிணற்றின் உப்பையும் அளந்து எழுதலாம். திகதியைப் போட மறக்கவேண்டாம். தை மாதத்தில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தினால் அந்தக் கொப்பி எதிர்த்தரப்புக்குத்தான் உதவும், மாரி முடிந்த கையோடு எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர்தான். ஆவணியிலும் போய் அளந்து எழுதுங்கள்.